வாசகரும் திரையும்: 'மோதிரங்களின் அதிபதி' படமான வரலாறு

ஒரு நூல் நெடுங்காலம் வாசகர் நெஞ்சில் வாழ்ந்தபின் திரைப்படமாக வரும்போது, அதனை முதலிற் பார்க்க முந்துபவனும் முதலிற் குறை சொல்பவனும் ஒருவனே. அவன்தான் அந்நூலை நேசித்த வாசகன். 'நூலில் இருப்பது போல் இல்லையே' என்ற அவனது முறைப்பாட்டைத் திரைத்துறையினர் சிரித்துக் கடந்து விடுவர். நூல் வேறு, திரை வேறு என்ற ஒரே வாக்கியத்தால் விமர்சகர்களும் அவனது வாயை அடைத்து விடுவதுண்டு. ஆனால் இந்த முறைப்பாடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவற்றுள் நியாயமானவை உள்ளன, அற்பமானவை உள்ளன, அநீதியானவையும் உள்ளன. இவற்றை எந்த அளவுகோல் கொண்டு பிரித்தறிவது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஜே.ஆர்.ஆர். டொல்கீன் எழுதிய 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நாவலைப் போன்று பொருத்தமான இன்னொன்று கிடைப்பது அரிது. 'மோதிரங்களின் அதிபதி' என இங்கு அதனைக் குறிப்பிடுவோம். இதனைப் படமாக்கும் யோசனை 1957இல் எழுந்தது. முழுமையான படமாக அது நிறைவுற்றது 2003இல். இடைப்பட்ட 46 ஆண்டுகளில் நூலாசிரியர், வாசகர், படமெடுத்தோர் ஆகிய முத்தரப்பினரும் தத்தம் நியாயங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். எம்மிடையே பலர், குறிப்பாக இளையோர், இக்கதையைத் திரை வழியாகவே அறிந்தவர்கள். அவர்களுக்கும் இவ்வரலாறு பயன்படக் கூடும்.

நூலும் அதன் காவலரும்

டொல்கீன் 1892இல் தென்னாபிரிக்காவின் புளூம்ஃபொன்டெய்ன் நகரிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். முதலாம் உலகப் போரின்போது 1916இல் பிரான்சின் சொம் போர்க்களத்தில் நின்றவர். பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு நாடு திரும்பிய அவர், பிற்காலத்தில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியரானார். பிள்ளைகளுக்குச் சொன்ன கதையொன்று 'த ஹொபிட்' என்ற பெயரில் 1937இல் நூலாகியது. அக்கையெழுத்துப் பிரதியை வாசித்து அபிப்பிராயம் எழுதிக் கொடுத்தவன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினின் 10 வயது மகன் ரேனர். அதற்காக அவனுக்குக் கிடைத்த கூலி ஒரு ஷில்லிங். டொல்கீனின் கற்பனை உலகத்துக்கு வாய்த்த முதல் தீர்ப்பாளன் ஒரு சிறுவன் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதன் தொடர்ச்சியாக எழுதத் தொடங்கிய கதையே வளர்ந்து பெருநாவலாகியது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக அது வெளிவந்தது. கதைச் சுருக்கம் இதுதான். ஷயர் என்ற பசுமையான நாட்டுப்புறத்தில் ஹொபிட் எனப்படும் குள்ள மாந்தர் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவனான ஃப்ரோடோவின் கைக்கு ஒரு மோதிரம் வந்து சேர்கிறது. உலகையே அடிமை கொள்ளும் வலிமை அதற்கு உண்டு. ஆனால் அதனை அணிபவன் எவ்வளவு நல்லவனாயினும் நாளடைவில் அதற்கே அடிமையாவான். எனவே அதைப் பயன்படுத்தாது, அது உருவான எரிமலையிலேயே எறிந்து அழிக்க வேண்டும். அதற்காக ஃப்ரோடோவும் அவனது தோட்டக்காரனான சாமும் மேற்கொள்ளும் பயணமே கதை. மந்திரவாதிகளும் மன்னர்களும் எல்ஃப் எனப்படும் சாவற்ற இனத்தவரும் இடையிடையே வந்து போகின்றனர்.

இந்நூலின் வாசகர்கள் தம்மை அதன் காவலர்களாகக் கருதத் தொடங்கியது படம் வருவதற்கு வெகு முன்னரே ஆகும். 1965இல் ஏஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம், அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்த இடைவெளியைப் பயன்படுத்தி, ஆசிரியரின் அனுமதியின்றி மலிவுப் பதிப்பை வெளியிட்டது. ஒரு பாகத்தின் விலை 75 சதம். அதே ஆண்டில் பலன்டைன் பதிப்பகம் அனுமதி பெற்ற பதிப்பை 95 சதத்துக்குக் கொண்டுவந்தது. டொல்கீன் தமக்கு வந்த வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும்போதெல்லாம் இச்செய்தியையும் சேர்த்து எழுதினார். அமெரிக்க வாசகர்கள் விடயத்தைப் பரப்பினார்கள். 20 சதம் கூடக் கொடுத்து அனுமதி பெற்ற பதிப்பையே வாங்கினார்கள். முடிவில் ஏஸ் பதிப்பகம் ஆசிரியருக்குரிய பணத்தைச் செலுத்தி, மறுபதிப்பை நிறுத்தியது. வாசகன் நினைத்தால் நூலொன்றின் விதியை மாற்றலாம் என்ற நம்பிக்கை அன்றே வேர்கொண்டது எனலாம்.

முதல் முறைப்பாட்டாளர்

திரைக்கதையைப் பார்த்து முதன்முதலாக மனம் நொந்த வாசகர் வேறு யாருமல்லர், நூலாசிரியர் டொல்கீனே. 1957 செப்டெம்பரில் அமெரிக்காவிலிருந்து ஃபொரஸ்ட் ஏக்கர்மன் என்பவர் ஒரு படத் திட்டத்துடன் அவரைச் சந்தித்தார். காட்டப்பட்ட மாதிரி ஓவியங்கள் டொல்கீனுக்குப் பிடித்திருந்தன. ஆனால் மோர்டன் சிமர்மன் எழுதிய திரைக்கதைச் சுருக்கம் அவரைத் திகைக்க வைத்தது. ஒன்றில் கலை நேர்மை காக்கப்பட வேண்டும், இன்றேல் நல்ல பணமாவது கிடைக்க வேண்டும் என்பதே அவரும் பதிப்பாளரும் எடுத்திருந்த நிலைப்பாடு. இத்திட்டத்தில் இரண்டும் கிட்டும்போல் தோன்றவில்லை.

1958 ஜூன் மாதம் அவர் எழுதிய நீண்ட கடிதமும் குறிப்புகளும் இன்று அச்சில் கிடைக்கின்றன. பாத்திரங்களின் பெயர்கள் பிழையாக எழுதப்பட்டிருந்தமை, நடந்தே கடக்க வேண்டிய தூரங்களைக் கழுகுகளின் முதுகில் ஏற்றிக் கடத்தியமை, தேவையற்ற இடங்களில் சண்டைகளைப் புகுத்தியமை என ஒரு கண்டிப்பான ஆசிரியர் மாணவனின் கொப்பியைத் திருத்துவது போல வரிக்கு வரி அவர் திருத்தியிருக்கிறார். ஆனால் அவற்றுக்கிடையே கோட்பாட்டளவிற் பெறுமதியான கருத்தொன்றும் உண்டு. கதை சொல்லும் கலையின் விதிகள் ஊடகத்துக்கு ஊடகம் முற்றாக மாறிவிடுவதில்லை. படங்கள் கெட்டுப் போவது பெரும்பாலும் மிகைப்படுத்துவதாலும் வேண்டாதவற்றைப் புகுத்துவதாலுமே. மூலத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறதென்று காணத் தவறுவதே இதற்குக் காரணம் என்பது அக்கருத்தின் சாரம்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. வெட்டுவதை டொல்கீன் எதிர்க்கவில்லை. எல்லாவற்றையும் நெருக்கித் திணிப்பதைவிடச் சிலவற்றை முழுமையாக நீக்கிவிடுவதே மேல் என்றுகூட அவர் கருதினார். எண்ட் எனப்படும் மரமாந்தரின் எழுச்சி, ஹெல்ம் பள்ளத்தாக்குக் கோட்டைப் போர் ஆகிய இரண்டுக்கும் போதிய இடமில்லையெனில், கோட்டைப் போரையே விட்டுவிடலாம் என்பது அவரது யோசனை. அப்போர் மையக் கதைக்கு இடைநிகழ்வு மாத்திரமே என அவர் மதிப்பிட்டார். அந்தப் படத் திட்டம் நிறைவேறாமற் போயிற்று. ஆயினும் உயிர்நிலை எது என்ற அவரது கேள்வி, பின்வந்த படங்களையும் அவற்றுக்கு எதிரான முறைப்பாடுகளையும் அளக்க எமக்கு உதவுகிறது.

பாதியில் நின்ற படம்

1969இல் படமாக்கும் உரிமை யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஜோன் பூர்மன் ஒரு திரைக்கதையைத் தயாரித்தார். அது படமாகவில்லை. 1973இல் டொல்கீன் காலமானார். 1976இல் உரிமை சோல் சாயென்ட்ஸ் என்ற தயாரிப்பாளரிடம் சென்றது. அவரது தயாரிப்பில் ரால்ஃப் பக்ஷி இயக்கிய சித்திரப் படம் 1978இல் வெளிவந்தது.

நடிகர்களை முதலிற் படம்பிடித்து, அதன்மேற் கோடு வரைந்து சித்திரமாக்கும் முறையை அவர் கையாண்டார். சில காட்சிகள் மிரட்டலாகவும் சில காட்சிகள் அரைகுறையாகவும் அமைந்தன. ஆனால் அரங்கில் எழுந்த ஆத்திரம் வேறு காரணத்தால் வந்தது. படம் நாவலின் நடுப்பகுதியில், கோட்டைப் போருடன் நின்றுவிட்டது. முதற்பாகம் என்ற குறிப்பைத் தலைப்பில் இடுவதற்கு நிறுவனம் இணங்கவில்லை. முழுக்கதையையும் எதிர்பார்த்துச் சென்றவர்கள் ஏமாந்து வெளியேறினார்கள். இரண்டாம் பாகம் வரவேயில்லை.

ஆயினும் அந்தக் குறைப்படத்தால் ஒரு நன்மை விளைந்தது. நியூசிலாந்தில் அதனைப் பார்த்த பீற்றர் ஜக்சன் என்ற இளைஞர் அதன் பின்னரே நாவலை வாங்கி வாசித்தார். நூலைக் கெடுத்ததாக ஏசப்பட்ட படமொன்று, நூலுக்கு ஒரு வாசகரையும் பிற்காலத்தில் அதைப் படமாக்கும் ஓர் இயக்குநரையும் தேடிக் கொடுத்தது.

1981இல் பி.பி.சி. வானொலி 26 அங்கங்களில் இதனை நாடகமாக ஒலிபரப்பியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதில் ஃப்ரோடோவுக்குக் குரல் கொடுத்த இயன் ஹோம், இருபது ஆண்டுகளின் பின் ஜக்சனின் படத்தில் ஃப்ரோடோவின் முதிய உறவினர் பில்போவாக நடித்தார். வாசகர் பலர் இன்றுவரை மூலத்துக்கு மிக நெருக்கமானதெனக் கொண்டாடுவது இவ்வானொலி நாடகத்தையே.

ஜக்சனும் வாசகரும்

1998இல் நியூ லைன் நிறுவனம் மூன்று படங்களுக்கு உடன்பட்டது. முன்னர் பொறுப்பேற்றிருந்த மிராமக்ஸ் இரண்டு படங்களுக்குத் திட்டமிட்டு, பின்னர் ஒன்றாகச் சுருக்கச் சொன்னது. அந்நிலையில் நியூ லைன் அதிபர் பொப் ஷே, இது மூன்று படங்களுக்குரியதல்லவா என்று கேட்ட கதை இன்று திரையுலகின் பழங்கதைகளில் ஒன்றாகிவிட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில், வாசகர்கள் அனுப்பிய 20 கேள்விகளுக்கு ஜக்சன் எழுத்தில் விடையளித்தார். ஒரு பிரேமைகூடப் படம்பிடிப்பதற்கு முன்னர் நூலின் வாசகர்களுக்கு இயக்குநர் கணக்கு ஒப்புவித்தது அக்காலத்தில் புதுமையே. 1999 ஒக்டோபரிலிருந்து 2000 டிசெம்பர் வரை மூன்று படங்களும் ஒருசேரப் படமாக்கப்பட்டன. படப்பிடிப்புத் தளத்தை ஒளிந்து பார்த்து எழுதிய வாசகி ஒருவருக்கு முதலில் அத்துமீறல் அறிவித்தல் கொடுக்கப்பட்டது. பின்னர் அவரே தளத்தைச் சுற்றிப் பார்க்க அழைக்கப்பட்டார். வாசகரைத் துரத்துவதைவிட அணைத்துக்கொள்வது இலாபம் என்பதை நிறுவனம் கற்றுக்கொண்டது இவ்வாறுதான்.

2000 ஏப்ரலில் இணையத்தில் வெளியிடப்பட்ட முன்னோட்டத்தை முதல் 24 மணித்தியாலங்களில் 17 இலட்சம் தடவை தரவிறக்கினார்கள். 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளின் டிசெம்பர் மாதங்களில் படங்கள் வந்தன. வரவேற்பு பெரிது. ஷயரின் வட்டக் கதவுகளும் மோரியாவின் இருண்ட மண்டபங்களும் தாம் மனதிற் கண்டவாறே இருந்தன என வாசகர் பலர் மகிழ்ந்தனர். பல்லாண்டுகளாக அந்நூலுக்கு ஓவியம் வரைந்த அலன் லீயையும் ஜோன் ஹவையும் ஜக்சன் பணிக்கமர்த்தியமை இதற்கு முக்கிய காரணம். ஆனால் முறைப்பாடுகளும் அதே வேகத்தில் எழுந்தன. அவற்றுட் சிலவற்றை டொல்கீன் தந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

முதலாவது, டொம் பொம்படில். காட்டில் வாழும் இந்த விநோதக் கிழவரைப் படம் முற்றாக விட்டுவிட்டது. மோதிரம் எவ்வகையிலும் தீண்ட முடியாத ஒரேயொரு பாத்திரம் அவர். வாசகர் வருந்தினர். ஆனால் வானொலி நாடகமும் அவரை விட்டே இருந்தது. முழுமையாக நீக்குவதை ஆசிரியரே ஏற்றுக்கொண்டவர் என்பதால் இக்குற்றச்சாட்டு வலுவிழக்கிறது. சுவையான செய்தி என்னவெனில், 1991இல் லெனின்கிராட் தொலைக்காட்சி சொற்ப செலவில் எடுத்த ரஷ்ய மொழி நாடகத்தில் பொம்படில் இருக்கிறார். மறக்கப்பட்டுக் கிடந்த அந்நாடகம் 2021இல் மீண்டும் வெளிவந்தபோது, உலகெங்குமுள்ள வாசகர் முதலில் தேடியவற்றுள் அவரும் ஒருவர்.

இரண்டாவது, ஆர்வென். எல்ஃப் இளவரசியான இவர் நாவலில் அதிகம் தோன்றுவதில்லை. மன்னன் அரகோர்னுடனான அவரது காதல் பிற்சேர்க்கையிலேயே விரிவாக உண்டு. அவரை வாளேந்திய வீராங்கனையாக்கிக் கோட்டைப் போரில் நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி கசிந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. செய்தி உண்மையே. அக்காட்சிகளிற் சில படமாக்கப்பட்டும் இருந்தன. பின்னர் கைவிடப்பட்டன. திரைக்கதையாசிரியர்கள் மீண்டும் பிற்சேர்க்கைக்குச் சென்று, காதலுக்காகச் சாவற்ற வாழ்வைத் துறக்கும் அவரது துணிவையே மையமாக்கினார்கள். இது வாசகர் தரப்புக்குக் கிடைத்த நியாயமான வெற்றி. ஆனால் முதற்படத்தில் ஆற்றங்கரைக் காட்சி மாறியே இருந்தது. நாவலில், காயமுற்ற ஃப்ரோடோ தனியனாகக் குதிரையில் ஆற்றைக் கடந்து, துரத்தி வந்த ஒன்பது இருட் சவாரியாளர்களையும் திரும்பி நின்று எதிர்க்கிறான். படத்தில் அவன் நினைவிழந்து கிடக்க, ஆர்வெனே எதிர்க்கிறார். ஒரு பெண் முன்னுக்கு வந்ததற்காக முணுமுணுத்தவர்களை விட்டுவிடுவோம். எளியவனின் வீரம் அவனிடமிருந்து பறிக்கப்பட்டதே என்று கேட்டவர்களின் கேள்வி மாத்திரம் எஞ்சி நிற்கிறது.

மூன்றாவது, ஃபராமிர். நாவலில் மோதிரத்தின் ஆசைக்கு ஆட்படாது, ஃப்ரோடோவைப் போகவிடும் மனிதத் தளபதி இவன். 2002இல் வெளிவந்த இரண்டாம் படத்தில் இவன் ஃப்ரோடோவைக் கைதியாக்கி ஒஸ்கிலியாத் நகர்வரை இழுத்துச் செல்கிறான். பின்னரே மனம் மாறுகிறான். யாவரையும் மயக்கும் மோதிரத்தை ஒருவன் எளிதாக ஒதுக்கிவிட்டால் அதன் பயங்கரம் பார்வையாளர் கண்ணில் குன்றிவிடும் என்று திரைக்கதையாசிரியர் பிலிப்பா பொயென்ஸ் விளக்கம் தந்தார். நாடகத் தர்க்கப்படி அது சரி. ஆனால் சோதனைக்கு முன்னரே தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்ட ஒரு மனிதன் இருக்க முடியும் என்பதைச் சொல்லவே ஃபராமிர் படைக்கப்பட்டான். நல்லவனாக இருப்பதற்கு முதலிற் கெட்டவனாக இருந்து திருந்த வேண்டியதில்லை. வாசகரின் கோபத்தில் இங்கு நியாயம் உண்டு. அவர்கள் கேட்டது ஒரு காட்சியையன்று, மனித இயல்பு பற்றிய ஒரு கருத்தையே.

ஆசிரியர் இடைநிகழ்வு என மதிப்பிட்ட கோட்டைப் போரோ இப்படத்தின் உச்சமாக விரிந்தது. நாவலில் அங்கு வராத எல்ஃப் படையொன்றும் அணிவகுத்து வந்தது.

சிறு வெற்றிகள்

வாசகர் எழுப்பிய குரல் பயன் தந்த இடங்களும் உண்டு. முதற்படத்தில் ஆலோசனைச் சபையில் வாய் திறவாது அமர்ந்திருந்த ஒரு துணை நடிகரை இளம் ரசிகைகள் கண்டுபிடித்தார்கள். 'ஃப்ரோடோ அருமை, அட, அது யார்?' என்ற பொருள்படும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளைக் கோத்து அவருக்கு 'ஃபிக்விட்' என்று பெயரும் சூட்டினார்கள். அவர் பிரெட் மெக்கன்சி என்ற நியூசிலாந்துக் கலைஞர். மூன்றாம் படத்தில் ஜக்சன் அவருக்குப் பேச்சும் கொடுத்தார். விரிவாக்கப்பட்ட இறுவட்டுப் பதிப்புகளின் முடிவில் ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்களும் நிமிடக்கணக்கில் ஓடின.

இன்னொரு போராட்டம் சற்றுக் கனமானது. துரோகியான மந்திரவாதி சருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ, ஆண்டுதோறும் அந்நாவலை வாசித்து வந்தவர். டொல்கீனை ஒரு தடவை நேரிற் கண்டவருங்கூட. மூன்றாம் படத்தின் திரையரங்கப் பதிப்பில் அவரது காட்சிகள் முற்றாக நீக்கப்பட்டன. அவர் வெளியீட்டு விழாவைப் புறக்கணித்தார். பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டு மனு அனுப்பினார்கள். 2004இல் வந்த விரிவாக்கப் பதிப்பில் அக்காட்சி திரும்பி வந்தது. ஆனால் அங்கே சருமான் தன் கோபுரத்திலேயே செத்து விழுகிறான். நாவலில் அவன் சாவது ஷயரில், ஃப்ரோடோவின் வீட்டு வாசலில். இந்த இட மாற்றம் சாதாரணமானதன்று. அதற்குப் பிறகு வருவோம்.

தெற்கிலிருந்து வந்தவன்

எம்போன்ற வாசகர் நின்று பார்க்க வேண்டிய ஓரிடம் உண்டு. முதற்படம் திரைக்கு வந்தது 2001 செப்டெம்பர் 11 நிகழ்ந்து மூன்று மாதங்களின் பின். எதிரிக்காகப் போரிடக் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கருநிற, மாநிற மனிதர்கள் யானைகளுடன் வருகிறார்கள். அக்காலச் சூழலில் இச்சித்திரிப்பைக் கண்டித்து மேற்கிலேயே சிலர் எழுதினார்கள். தலைப்பாகையும் முகத்துணியுமாக அம்மனிதரைத் திரை காட்டியபோது அக்கண்டனம் வலுத்தது. அது புறந்தள்ளத்தக்கதன்று.

எனினும் நாவலில் ஒரு கணம் உண்டு. சாம் தன் வாழ்வில் முதன்முறையாக மனிதருக்கிடையிலான சண்டையைக் காண்கிறான். தெற்கத்திப் போராளி ஒருவன் அம்பு பாய்ந்து அவன் அருகே செத்து விழுகிறான். அவன் பெயர் என்ன, எந்த ஊர், உண்மையிலேயே தீயவனா, அல்லது எந்தப் பொய்யோ மிரட்டலோ அவனை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தது, வீட்டிலேயே அமைதியாக இருந்திருக்கத்தான் விரும்பியிருப்பானோ என்று அந்தத் தோட்டக்காரனின் மனம் அலைகிறது. சொம் போர்க்களத்தில் நின்ற ஒருவர் எழுதிய பந்தி அது. திரையரங்கப் பதிப்பில் இது இல்லை. 2003இல் வந்த விரிவாக்கப் பதிப்பில் உண்டு. ஆனால் அவ்வெண்ணம் சாமிடமிருந்து எடுக்கப்பட்டு, தளபதி ஃபராமிரின் வாயில் வைக்கப்பட்டது. கொன்றவன் சொல்வதற்கும், கொலையைக் கண்டு அதிர்ந்த கிராமத்தான் நினைப்பதற்கும் வேறுபாடு உண்டு. உயர்குடியினனின் தத்துவமாக அது மாறிவிட்டது. பொம்படிலுக்காக எழுதப்பட்ட பக்கங்களுள் ஒரு பங்கேனும் இந்தப் பந்திக்காக எழுதப்பட்டிருக்கலாம்.

வெட்டப்பட்ட அத்தியாயம்

இனி அந்த இட மாற்றத்துக்கு வருவோம். நாவலின் முடிவில் மோதிரம் அழிகிறது, மன்னன் முடிசூடுகிறான். நான்கு ஹொபிட்களும் ஊர் திரும்புகின்றனர். அங்கே ஊர் இல்லை. மரங்கள் தறிக்கப்பட்டு, ஆறு அழுக்காகி, பழைய ஆலை இருந்த இடத்தில் புகை கக்கும் ஆலை நிற்கிறது. விளைச்சலைச் சேகரித்துப் பகிர்வோம் என்ற பெயரில் அடியாட்கள் அள்ளிச் செல்கிறார்கள். சுவரெல்லாம் சட்டப் பட்டியல்கள். ஊரவர் சிலரே காவலாளிகளாக மாறி அயலவரைக் காட்டிக் கொடுக்கின்றனர். எல்லாவற்றுக்கும் பின்னால் தோற்று ஓடிய சருமான் இருக்கிறான். ஹொபிட்கள் ஊரைத் திரட்டிப் போராடுகின்றனர். 19 ஹொபிட்களும் ஏறத்தாழ 70 அடியாட்களும் இறக்கின்றனர். ஃப்ரோடோ வாளை உருவவில்லை. சரணடைந்தவர்களைக் கொல்லாது தடுப்பதே அவன் வேலையாகிறது. சாம், தனக்குப் பரிசாகக் கிடைத்த மண்ணை ஊரெங்கும் தூவி மரம் நடுகிறான்.

ஜக்சனின் படத்தில் இவ்வத்தியாயம் இல்லை. முதற்படத்தில் எல்ஃப் அரசியின் மாயக் கண்ணாடியில், நடக்கக்கூடிய ஒன்றாக, எரியும் ஷயர் சில கணங்கள் தெரிகிறது. அவ்வளவே. மூன்றாம் படத்தில் அவர்கள் திரும்பும்போது ஊர் போனபடியே இருக்கிறது. மோதிரம் அழிந்தபின் இன்னொரு சண்டை வந்தால் கதையின் இறுக்கம் தளர்ந்துவிடும் என்பது படமெடுத்தோர் நியாயம். அதிலும் பொருளுண்டு. 201 நிமிடங்கள் ஓடிய அப்படத்துக்கு முடிவுகள் அதிகம் என்றே பலர் குறைபட்டார்கள். அத்துடன், ஊர்ச் சனங்களின் சிரிப்பொலிக்கு மத்தியில் அந்நால்வரும் பேசாது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் ஒரு காட்சியை ஜக்சன் வைத்திருக்கிறார். சென்று வந்தவர்கள் மாறிவிட்டார்கள், இருந்தவர்களுக்கு அது விளங்காது என்பதை அக்காட்சி சொல்லிவிடுகிறது.

ஆனால் நாவல் சொல்வது அதைவிடக் கடினமானது. போர் தொலைவில் நடந்து முடிவதில்லை, அது வீட்டுக்கு வரும் என்கிறது. ஊர் திரும்புதல் என்பது ஊரை மீண்டும் கட்டுதல் என்கிறது. இவ்வத்தியாயம் இரண்டாம் போருக்குப் பிந்திய இங்கிலாந்தின் உருவகமன்று, கதையின் தொடக்கத்திலிருந்தே திட்டமிடப்பட்டது என டொல்கீன் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதினார். தாம் பத்து வயதை எட்டுமுன்னரே தம் பால்யகால நாட்டுப்புறம் சிதைக்கப்பட்டதையும் அதே முன்னுரையில் நினைவுகூர்ந்தார். 1958இல் சிமர்மனும் இதனையே வெட்டியிருந்தார். இறுதிப்பகுதியையும் சருமானின் உரிய சாவையும் வெட்டிய பின்னர் அவனை வேறெங்கோ சாகடிக்கக் காரணம் ஏதுமில்லை என்பது டொல்கீன் அன்று எழுதிய குறிப்பு. நாற்பத்தாறு ஆண்டுகளின் பின்னர் அதே வெட்டும் அதே இடமாற்றமும் மீண்டும் நிகழ்ந்தன. ஊர் திரும்பியவனுக்கு விட்டுச் சென்ற ஊர் அப்படியே இருக்காது என்பதை எம் நாட்டு வாசகருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இவ்வத்தியாயத்தில் நாவலின் உயிர்நிலை இருக்கிறதா என்று கேட்டால் எம்மவர் தயங்காது விடை சொல்வர்.

அளவுகோல்

மூன்றாம் படம் 2004இல் தான் பரிந்துரைக்கப்பட்ட 11 ஒஸ்கார் விருதுகளையும் வென்றது. அதே காலப்பகுதியில் வேல்ஸ் நாட்டு அபரிஸ்ட்வித் பல்கலைக்கழக ஆய்வாளர் மார்ட்டின் பார்க்கரின் தலைமையில், பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 25,000 பார்வையாளரிடம் அபிப்பிராயம் திரட்டப்பட்டது. ரசிகனின் சொல்லும் ஆய்வுக்குரிய ஆவணம் என ஏற்கப்பட்டமைக்கு இது சான்று.

வெற்றி முறைப்பாட்டை அணைத்துவிடவில்லை. டொல்கீனின் மகனும் அவரது கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பித்தவருமான கிறிஸ்டோபர் டொல்கீன், 2012இல் பிரெஞ்சு நாளிதழான 'லு மொண்ட்'டுக்கு அளித்த செவ்வியில், நூலின் உள்ளீட்டை உருவியெடுத்து இளைஞருக்கான சண்டைப் படமாக்கிவிட்டார்கள் எனக் கசந்து பேசினார். 2020இல் அவர் மறையும்வரை அக்கருத்தை மாற்றியதாகத் தெரியவில்லை.

ஆயினும் காவலன் தன்னை உரிமையாளனாக எண்ணத் தலைப்பட்டால் என்ன நேரும் என்பதையும் இவ்வரலாறு காட்டியிருக்கிறது. 2022இல் டொல்கீனின் உலகை வைத்து அமேசன் ஒரு தொலைக்காட்சித் தொடரை வெளியிட்டபோது, கறுப்பின நடிகர்கள் எல்ஃப்களாகவும் குள்ளர்களாகவும் நடித்ததற்காக வசைகளுக்கும் மிரட்டல்களுக்கும் ஆளாயினர். தொடரின் கலைஞர்கள் அதனைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். ஜக்சனின் படத்தில் ஹொபிட்களாக நடித்த நால்வரும், பல தோல் நிறங்களிலான காதுகள் வரையப்பட்ட ஆடைகளை அணிந்து, இங்கே யாவரும் வரலாம் என்ற செய்தியைச் சொன்னார்கள். நூலின்மீது கொண்ட நேசத்தின் பெயரால் அந்த வசைகள் எழுதப்பட்டன. செத்துக் கிடந்த அந்நியனின் பெயர் என்னவோ என்று கேட்ட சாமை அவர்கள் வாசித்த நூலிற் காணவில்லைப் போலும்.

எனவே 'நூலில் இருப்பது போல் இல்லை' என்ற முறைப்பாடு தன்னளவில் சரியுமன்று, பிழையுமன்று. வாளின் நீளமும் தலைமயிரின் நிறமும் பற்றியதாயின் அதனைப் புன்னகையுடன் கேட்டுவிட்டு விடலாம். இன்னொரு மனிதனை வெளியே தள்ளுவதற்கானதாயின் அதனை எதிர்க்க வேண்டும். நூல் எதற்காக எழுதப்பட்டதோ அது தொலைந்துவிட்டது என்பதாயின், அதனைச் செவிமடுக்கக் கலைஞன் கடமைப்பட்டவன். படம் பார்த்துவிட்டு வந்து எதையோ காணோம் என்று சொல்லும் மாணவனிடம் நாம் கேட்க வேண்டியது, எது இல்லை என்பதையன்று. இல்லாமற் போனது கதைக்கு என்னவாக இருந்தது என்பதையே. அந்த வினாவுக்கு விடை தேட அவன் மீண்டும் நூலைத் திறந்தாக வேண்டும். 1978இல் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஒரு குறைப்படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடிச் சென்றதும் அந்த வழியேதான்.